கூட்டம் போட்டால் போதுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் பகுதியில் மத நல்லிணக்கக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. மேடையில் ஒரு பண்டிதர், ஒரு மௌலானா, ஒரு பாதிரியார், ஒரு சர்தார்ஜி, நடுநாயகமாக ஓர் அரசியல் பிரமுகர். சால்வை போர்த்தும் வைபவம் மட்டும் முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்று பேசி அமர்ந்தார்கள். பேச்சு முழுவதும் இந்தியிலும் மராத்தியிலும்தான். என் பக்கத்தில் அமர்ந்திருந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர், "என்ன தம்பி சொல்லுதாக?" என்று கேட்டார். "எல்லாரும் ஒண்ணுதான்னு சொல்றாங்க தாத்தா" என்றேன். "அதையா ரெண்டு மணி நேரமாச் சொல்லுதாக?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இத்தகைய கூட்டங்களை நடத்துவோரின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு செய்தி சேகரிப்பவன் என்ற முறையில், பத்து ஆண்டுகளாக இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போய் நாலு வரிச் செய்தி அனுப்பி வருகிறவன் நான். மேடையில் இருந்தவர்களின் பெயரை மாற்றினால் போதும், போன ஆண்டுச் செய்தியையே இந்த ஆண்டும் அனுப்பலாம். கூட்டம் கலைந்ததும் அவரவர் சந்துக்கு அவரவர் போய்விடுகிறோம். எதிர்ச் சந்தில் இருப்பவன் வீட்டில் என்ன வருத்தம் என்று யாருக்கும் தெரிவதில்லை.

மதங்களுக்கிடையே பேச்சு வேண்டும் என்றால், அதற்கு மேடையை விடப் பழைய வழிகள் இரண்டு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று மொழிபெயர்ப்பு, மற்றொன்று விருந்து. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்த இரண்டையும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வந்த முதல் நாளிலிருந்து இவற்றை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம்.

இது புதிய யோசனை அல்ல. அக்பர் சக்கரவர்த்தி 1575-ல் பதேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்றொரு மண்டபம் கட்டினார். வியாழக்கிழமை இரவுகளில் அங்கே மார்க்க விவாதம் நடக்கும். முதலில் முஸ்லிம் அறிஞர்கள் மட்டும் வந்தார்கள். அப்போதே யார் எங்கே உட்காருவது என்று தகராறு வந்து, ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்க வேண்டியதாயிற்று. பின்னர் பிராமணர், சமணர், பார்சிகள், கோவாவிலிருந்து 1580-ல் வந்த ஏசு சபைப் பாதிரிமார் எல்லோரும் கலந்துகொண்டார்கள். வாதம் வலுத்ததே தவிர, ஒருவர் பேச்சை மற்றவர் ஏற்றதாகத் தெரியவில்லை. சில ஆண்டுகளில் அது நின்றும் போயிற்று.

அதே அக்பர் 1582-ல் வேறொரு காரியம் தொடங்கினார். மகாபாரதத்தைப் பாரசீக மொழியில் பெயர்க்கச் சொன்னார். பண்டிதர்களுக்குப் பாரசீகம் தெரியாது. பாரசீகம் எழுதத் தெரிந்தவர்களுக்கு சமஸ்கிருதம் தெரியாது. ஆகவே பண்டிதர்கள் சுலோகத்தைப் படித்து, இருவருக்கும் பொதுவான பேச்சு மொழியில் பொருள் சொல்ல, நகீப் கான் முதலானவர்கள் அதைப் பாரசீகத்தில் எழுதினார்கள். ரஸ்ம்நாமா, அதாவது போர் நூல் என்று அதற்குப் பெயர். அந்த வேலையில் சேர்க்கப்பட்டவர்களில் பதாயூனி என்ற மதப்பற்று மிகுந்த வரலாற்றாசிரியரும் ஒருவர். அவருக்கு இந்த வேலை அறவே பிடிக்கவில்லை. தம் நூலில் புலம்பியிருக்கிறார். ஆனாலும் உட்கார்ந்து செய்தார். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விவாத மண்டபத்தில் எதிரி வாயைத் திறக்கும்போதே நம் பதிலைத் தயார் செய்துகொள்ளலாம். மொழிபெயர்க்கிறவன் அப்படிச் செய்ய முடியாது. பிடிக்கிறதோ இல்லையோ, அடுத்தவன் சொல்லி முடிக்கும்வரை காது கொடுத்தாக வேண்டும்.

நம் தமிழிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மும்பை முஸ்லிம் நண்பர்கள் நமாஸ், ரோஜா, மஸ்ஜித் என்பார்கள். தமிழ் முஸ்லிம் தொழுகை என்பார், நோன்பு என்பார், பள்ளிவாசல் என்பார். பள்ளி என்பது ஒரு காலத்தில் சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்துக்கு வழங்கிய சொல். நோன்பு எல்லா மதத்தாரும் எடுத்தாண்ட சொல். நம் ஊர்க் கிறிஸ்தவர் தம் திருநூலை வேதம் என்கிறார். அந்த வேதத்தைப் பெயர்த்தவர்கள் ஆண்டவனை எந்தச் சொல்லால் குறிப்பது என்று ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் தடுமாறியிருக்கிறார்கள். சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். பிறகு வந்தவர்கள் தேவன் என்றார்கள். அதற்கும் பிறகு கடவுள் என்றார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது நம் நாட்டு மழையையும் ஆற்றையும் வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். பாலைவனத்தில் நெல் வயலா என்று சிரிக்கலாம். ஆனால் விருந்தாளிக்கு நம் வீட்டுப் பாயைத்தானே விரிக்க முடியும்?

மொழிபெயர்ப்பு எப்போதும் நல்லெண்ணத்தோடு நடந்ததென்றும் நான் சொல்ல மாட்டேன். கோவாவில் தாமஸ் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஞானேஸ்வரரும் ஏக்நாதரும் பாடிய ஓவி யாப்பில், கொங்கணி கலந்த மராத்தியில் கிறிஸ்து புராணம் பாடி 1616-ல் அச்சிட்டார். மோட்சத்தை வைகுண்டம் என்றே எழுதினார். மராத்தி மொழியைப் புகழ்ந்து பாடிய அவர் மனதில் அம்மொழி மீது உண்மையான அன்பு இருந்தது. ஆனால் அவர் காலத்துப் போர்ச்சுகீசிய ஆட்சி அதே மண்ணில் கோயில்களை இடித்திருந்தது. சமய விசாரணை மன்றமும் நடத்தியது. வீட்டை இடித்துவிட்டு, வீட்டுக்காரன் பேசும் பாஷையில் அவனை உபசரித்தால் அது விருந்தாகுமா? மொழிபெயர்ப்புக்கு விருந்தோம்பலும் துணை வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நிற்க. சரித்திரம் இருக்கட்டும். என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் தவறு என் பேரில்தான்.

எங்கள் பகுதியில் ஒரு சந்து. ஒரு பக்கம் நம்மவர்கள் குடியிருப்பு, கோடியில் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு இடம் போதாமல் ஆட்கள் சந்தில் பாய் விரித்து நிற்பார்கள். அரை மணி நேரம் வழி அடைபடும். இது பற்றி இரு தரப்பாரையும் அழைத்துப் பேசினார்கள். நம் பக்கம் பேச வந்த பெரியவருக்கு இந்தி வராது. ரயில்வேயில் இருக்கிறேன், நாலு பாஷை பேசுவேன் என்பதால் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

பெரியவர் எடுத்த எடுப்பில், "சந்து என்ன இவனுவ அப்பன் வீட்டுச் சொத்தா? வெள்ளிக்கிழமை எம் பொண்டாட்டிய டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போணும். ஆட்டோ உள்ள வர மாட்டேங்கு. தோளுல தூக்கிட்டுப் போறேன், யாருக்காவது தெரியுமாடா?" என்றார். நான் என்ன செய்தேன்? சபையில் சண்டை வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், "வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் வழி விட்டால் உதவியாக இருக்கும் என்கிறார்" என்று இந்தியில் முடித்துவிட்டேன். எதிர்த் தரப்பாரும், "அவசியம் செய்கிறோம்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். கை குலுக்கிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அதே சந்தில் தள்ளுமுள்ளு. பெரியவரின் சட்டை கிழிந்தது. ஓர் இளைஞனுக்கு உதட்டில் ரத்தம். "அன்றைக்கே ஒப்புக்கொண்டீர்களே" என்று நம்மவர்கள் கத்த, "என்ன ஒப்புக்கொண்டோம்? கொஞ்சம் வழிதானே கேட்டீர்கள், ஆள் நடக்க வழி இருக்கிறதே" என்று அவர்கள் கத்தினார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்னவன் நான் ஒருவனே. கடுமொழியை வெட்டுவதாக நினைத்துக்கொண்டு, அதோடு சேர்த்து அந்த அம்மாளின் நோயையும் வெட்டிவிட்டேன்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பிறகு பெரியவரை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் முத்தவல்லியிடம் போனேன். போட்டோக்காரர் இல்லை, பிரமுகர் இல்லை. பெரியவர் அன்று சொன்னதை, அப்பன் வீட்டுச் சொத்து உட்பட, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முத்தவல்லியின் முகம் சிவந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "டயாலிசிஸ் எந்தெந்த நாள்?" என்று கேட்டார். செவ்வாய், வெள்ளி என்றேன். "எத்தனை மணிக்கு?" ஒன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றேன். அடுத்த வெள்ளி முதல் சந்தின் ஒரு பக்கம் ஆட்டோ போகிற அகலத்துக்குக் கயிறு கட்டி, இரண்டு பையன்களை நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் தரப்பிலும் ஒரு மனக்குறை இருந்தது: நம் கோயில் ஆடிக் கொடையின்போது மைக் செட்டை நேராகப் பள்ளிவாசல் ஜன்னலைப் பார்த்துக் கட்டுகிறோமாம். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். பெரியவருக்குக் கோபம் வந்தது, ஆனால் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு குழாய் வேறு பக்கம் திரும்பியது. சந்தின் தகராறு அடியோடு தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் இப்போது யார் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்பது இரு பக்கமும் தெரியும்.

இனி விருந்து பற்றி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சாலில் பக்கத்து அறையில் உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அம்மாளை நாங்கள் சாச்சி என்போம். ரம்ஜான் பெருநாளன்று காலையில் ஒரு பாத்திரம் நிறைய ஷீர் குர்மா வரும். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். கதவைச் சாத்தியதும் மோரியில் கொட்டிவிடுவாள். பாத்திரத்தைத் தேய்த்து, சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். எங்கள் வீடு சைவம். கறி சமைத்த வீட்டுப் பாத்திரம் ஆகாது என்பது அவள் சொன்ன காரணம். ஆனால் எதிர் அறையில் மீன் சாப்பிடும் மராத்திக்காரர் வீட்டிலிருந்து வரும் பூரண் போளியை அவளே இரண்டு தின்பாள். ஆகவே காரணம் கறி மட்டும் இல்லை. இது எனக்கு விவரம் தெரிந்த பிறகுதான் உறைத்தது. தீபாவளிக்கு நாங்கள் அனுப்பிய அதிரசத்தையும் முறுக்கையும் சாச்சி வீட்டார் எங்கள் எதிரிலேயே தின்றார்கள்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரத்தில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. சுமார் தொள்ளாயிரம் பேர் மாண்டார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. அந்த நாட்களில் எங்கள் சாலில் யாரும் யாரையும் காப்பாற்றவும் இல்லை, தாக்கவும் இல்லை. இரண்டு குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம் என்று அப்பா பிற்காலத்தில் சொல்வார். ஒரே சுவர், அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கம் கேட்கும். எழுந்து போய்க் கேட்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த ஆண்டு பெருநாள் மார்ச் மாதக் கடைசியில் வந்தது. பாத்திரம் வராது என்றுதான் அம்மா நினைத்தாள். சாச்சி வந்தாள். கையில் பாத்திரம் இல்லை; ஒரு பை. அதில் சேமியா ஒரு பொட்டலம், பால் பாக்கெட், சர்க்கரை, பேரீச்சம்பழம், முந்திரி. "உங்கள் பாத்திரத்திலேயே காய்ச்சிக்கொள்ளுங்கள். எப்படிச் செய்வது என்று நான் வாசலில் நின்று சொல்கிறேன்" என்றாள். அப்படியானால் இத்தனை ஆண்டுகளும் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்துகொண்டே பாத்திரம் அனுப்பியிருக்கிறாள், சர்க்கரையை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

நான் கண்ட மொழிபெயர்ப்புகளில் சிறந்தது அதுதான். தன் வீட்டு விருந்தை என் அம்மாவுக்குப் புரியும் பாஷையில் சாச்சி பெயர்த்துக் கொடுத்தாள். அன்று அம்மா அவளை வாசலில் நிற்க விடவில்லை, அடுப்படிக்கே அழைத்துப் போனாள் என்று அப்பா சொல்வார். அம்மாவோ அதெல்லாம் நினைவில்லை என்கிறாள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். என் நண்பர் ஒருவர், எங்கள் ஆபீசில் குட்ஸ் கிளார்க், சற்றுக் காரமாகவே கேட்டார்: "அந்த அம்மாள் உங்கள் வீட்டுத் தீட்டுக்குத் தலை வணங்கினாள், அதை நீ பெருமையாக எழுதுகிறாயா? கீழே இருப்பவன்தான் எப்போதும் மொழிபெயர்க்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மராத்தி மண்ணில் பிறந்த ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஷ்யாமின் தாய் என்ற பொருள்பட 'ஷ்யாம்சி ஆயி' எழுதிய சானே குருஜியை மராத்தி நண்பர்கள் அனைவரும் அறிவர். ஷ்யாம் என்பது அதில் வரும் பையனின் பெயர். சுதந்திரப் போராட்டத்தில் அவரைத் திருச்சிச் சிறையில் வைத்தார்கள். அங்கே அவர் தமிழ் கற்றார். பின் திருக்குறளை மராத்தியில் பெயர்த்தார். சிறைக்குப் போன ஊரின் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்த மனிதர்! பிழைக்க வந்த ஊரின் பாஷையை முப்பது ஆண்டாகியும் கற்காத நம்மவர்கள் சிலரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இஸ்லாமியப் பண்பாடு பற்றியும் அவர் மராத்தியில் புத்தகம் எழுதினார். ஒவ்வொரு மாநிலத்தாரும் பிற மாநிலத்து மொழிகளைக் கற்க வேண்டும் என்று அந்தர் பாரதி என்ற திட்டம் கண்டார். குறளில் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதல்லவா? அதைப் பெயர்த்த கை அது.

அதே மனிதர், 1947 மே மாதம், பண்டரிபுரம் விட்டல் கோயிலில் ஹரிஜனங்களை உள்ளே விட வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார். வாசலில் நின்று கும்பிடுங்கள் என்று அவர்களுக்கு இதமாக எடுத்துச் சொல்லவில்லை. கதவைத் திற என்றார். திறந்தார்கள். எங்கே பெயர்த்துச் சொல்ல வேண்டும், எங்கே பட்டினி கிடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாச்சி பை கொண்டுவந்த நாளில், உண்மையில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். அவள் ஓர் அடி வந்தாள். மீதியை நாங்கள்தான் நடந்திருக்க வேண்டும். அம்மா அடுப்படி வரை நடந்தாள். சாச்சி வீட்டுப் பாத்திரத்தில் வாங்கிக் குடிக்கும் வரை நடக்கவில்லை. சாச்சி குடும்பம் 1995-ல் மும்ப்ராவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டது. போன ஆண்டுப் பெருநாளுக்கு நான் என் மனைவி மக்களோடு அங்கே போய், அவர்கள் பாத்திரத்தில், அவர்கள் கையால் குடித்துவிட்டு வந்தேன். அம்மா வரவில்லை. முழங்கால் வலி என்றாள். வலியும் உண்மைதான்.

மராத்தியருக்கும் நமக்கும் இப்படிக் கொடுக்கல் வாங்கல் இருந்ததற்கு நாகூரிலும் அடையாளம் உண்டு. அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்தது, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டியது. மராட்டிய இந்து அரசர், தமிழ் மண்ணில், முஸ்லிம் பெரியாருக்கு. மாஹிம் தர்கா உருசின்போது மும்பைப் போலீசாரே சந்தனக் கூடு எடுத்துச் செல்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். புதன்கிழமை மாஹிம் மாதா கோயில் நவநாளில் மெழுகு வீடு வாங்கி வைப்பவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர் என்று எண்ணிப் பாருங்கள். மேடை போட்டு யாரும் இதையெல்லாம் ஏற்பாடு செய்யவில்லை.

ஒரு பேச்சு நம் காதில் அடிக்கடி விழும்: நீங்கள் இங்கே விருந்தாளிகள், விருந்தாளியாக நடந்துகொள்ளுங்கள் என்று. தாராவியின் சேற்றை மேடாக்கியவர்களைப் பார்த்து அப்படிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம், விருந்தாளியாகவே நம்மை நாமும் வைத்துக்கொண்டிருக்கிறோமே என்ற வருத்தமும் உண்டு. நம் சங்கங்களில் பொங்கலுக்கு யாரை அழைக்கிறோம்? நமக்கு நாமே பரிமாறிக்கொள்கிறோம். பக்கத்துச் சந்து மராத்திக்காரரையும், பள்ளிவாசல்காரரையும் ஒரு பந்தியில் உட்கார வைத்து, அவர்கள் பேசுவதைத் தமிழிலும் நாம் பேசுவதை அவர்கள் பாஷையிலும் சொல்ல நாலு பேரை நிறுத்தினால் என்ன? அவர்களில் ஒருவர் வர மறுத்தால், ஏன் என்று கேட்டு அதையும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அடுத்த நல்லிணக்கக் கூட்டத்தை நடத்தும் அன்பர்களுக்கு என் தாழ்மையான விண்ணப்பமும் இதுவே: ஐந்து நாற்காலியில் இரண்டைக் குறைத்து, அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துங்கள். சால்வைப் பணத்தில் அரிசி வாங்குங்கள். எனக்கு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி கிடையாது. அழைத்தால் வருகிறேன், இந்த முறை எதையும் வெட்டாமல் சொல்வேன்.